கன்றைத் தெரிவு செய்யும்போது பறிக்கும் கையையும் கேளுங்கள்



சம்பளப் பேச்சுவார்த்தை எப்போது நடந்தாலும் கம்பனித் தரப்பு மேசையில் தூக்கி வைக்கும் முதல் சொல் ‘உற்பத்தித்திறன்’. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனபோதும் இந்தச் சொல்லைத்தான் கேட்டோம். 2024இல் அது 1,350 ரூபா ஆனபோதும் இதையேதான் கேட்டோம். சம்பளம் கூட வேண்டுமா, கொழுந்தைக் கூட எடு. இதுதான் அந்தச் சொல்லின் பொருள்.

ஆனால் கொழுந்து கையிலிருந்து முளைப்பதில்லை. செடியிலிருந்து முளைக்கிறது. நூறு வயதான, பாசி பிடித்த, பாதி காய்ந்த விதைத் தேயிலை மலையில் எவ்வளவு கெட்டிக்காரக் கை போனாலும் செடியில் இல்லாததை எடுக்க முடியாது. நல்ல வீ.பீ. மலையில் அதே கை இரண்டு மடங்கு எடுக்கும். ஆகவே உற்பத்தித்திறன் என்பதில் பாதி கை, பாதி செடி. கையைப் பற்றி நாள் முழுதும் பேசுகிறவர்கள் செடியைப் பற்றிப் பேசுவது குறைவு.

இந்த முறை நாம் செடியைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம். காரணம் இருக்கிறது. உலகம் முழுவதும் பயிர்களைத் தெரிவு செய்யும் முறை மாறிக்கொண்டு வருகிறது. நெல்லில் மாறிவிட்டது, தேயிலையிலும் மாறத் தொடங்கிவிட்டது. அந்த மாற்றம் நம் மலைக்கு வந்து சேரும்போது அதைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்ற நிலை இருக்கக்கூடாது.

விதைத் தேயிலையும் வீ.பீ. தேயிலையும்

நமக்குத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிப்போம். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அன்றிலிருந்து ஏறக்குறைய எழுபது எண்பது ஆண்டுகள் போடப்பட்டது எல்லாம் விதைத் தேயிலை. விதையில் முளைத்த செடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். தேயிலைப் பூ தன் மகரந்தத்தில் தானே காய்ப்பது மிகக் குறைவு. பக்கத்துச் செடியின் மகரந்தம் வேண்டும். அதனால் ஒரு தாயின் பிள்ளைகள் வேறு வேறு முகத்தோடு இருப்பது போல, ஒரே மரத்தின் விதைகளும் வேறு வேறு செடிகளாகின்றன. ஒரே நிரையில் ஒரு செடி மளமளவென்று துளிர்க்கும், பக்கத்துச் செடி வங்கியாகவே நிற்கும். மழை முடிந்ததும் எந்தச் செடி முதலில் கொழுந்து விடும், எந்தச் செடி பெப்ரவரி வெயிலிலும் வாடாது என்பது அந்த மலையில் முப்பது வருடம் எடுத்த அம்மாமாருக்குத் தெரியும்.

வீ.பீ. தேயிலை அப்படி அல்ல. நல்ல செடி ஒன்றைத் தெரிவு செய்து, அதன் கிளையிலிருந்து ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டை வெட்டி, தவறணையில் பையில் வைத்து வளர்க்கிறோம். ஆயிரம் கன்று வைத்தாலும் ஆயிரமும் அந்தத் தாய்ச்செடியின் அச்சு. 1925இல் தொடங்கி பின்னர் தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இப்படித் தெரிவு செய்த செடிகளுக்கு இலக்கம் கொடுத்து வெளியிட்டது. டீ.ஆர்.ஐ. 2023, 2025, 2026 என்று நாம் சொல்லும் இலக்கங்கள் அவைதான். இருபத்தைந்து என்று சொன்னால் தவறணைக்காரர் எவருக்கும் தெரியும். அதன் பின்னர் 3000, 4000, 5000 என்று தொடங்கும் இலக்கங்களும் வந்தன. தோட்டங்களின் பழைய விதைத் தேயிலை மலைகளிலேயே கண்டெடுத்த டீ.டீ. 1 போன்ற செடிகளும் உண்டு. அவற்றை முதலில் கண்டது ஆய்வுகூடம் அல்ல, மலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் இதற்குத் திரும்புவோம்.

ஒரு புதிய செடிக்கு ஏன் இருபது வருடம்?

இரண்டு நல்ல செடிகளைச் சேர்த்து விதை எடுத்தால் அதில் எந்த விதை நல்லது என்று அன்றே சொல்ல முடியாது. நட வேண்டும். கொழுந்து எடுக்கும் வரை மூன்று நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். பிறகு அதிலிருந்து துண்டு வெட்டிக் கன்றாக்க வேண்டும். அந்தக் கன்றை மேல்நாடு, நடுநாடு, கீழ்நாடு, ஊவா என்று வெவ்வேறு மண்ணிலும் மழையிலும் நட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கவ்வாத்து முடிந்து அடுத்த கவ்வாத்து வரும் வரை எடை எழுத வேண்டும். கொப்புள நோய் வருகிறதா, வரட்சியைத் தாங்குகிறதா, ஸ்டோரில் தேத்தூளாக்கினால் சாயமும் மணமும் எப்படி என்று பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து இருபது வருடம் போய்விடும். ஒரு ஆராய்ச்சியாளர் தன் உத்தியோக காலத்தில் இந்தச் சுற்றை ஒரு தடவை முடித்தாலே பெரிய காரியம்.

இதற்குள் காலநிலை காத்திருக்கிறதா? மழை வரவேண்டிய மாதத்தில் வெயில், வெயில் வரவேண்டிய மாதத்தில் மழை. இருபது வருடத்துக்கு முன்பிருந்த வானத்துக்காகத் தெரிவு செய்த செடி இன்றைய வானத்தின் கீழ் நிற்கிறது.

இலைக்குள் இருக்கும் எழுத்து

புதிய முறை இந்தக் காத்திருப்பைத்தான் குறைக்கிறது. எப்படி என்று நம் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தைக் கொண்டே சொல்லலாம்.

உயிருள்ள எதிலும் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் அதன் பரம்பரைக் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. நான்கே எழுத்துகளைக் கொண்டு எழுதிய நீண்ட குறிப்பு அது. பாடப்புத்தகம் பரம்பரையலகு என்று சொல்வதையே பத்திரிகைகள் மரபணு என்கின்றன. இரண்டும் ஒன்று. தேயிலையில் இந்தக் குறிப்பு 15 சோடி நிறமூர்த்தங்களில் அடங்கியிருக்கிறது. அதை முழுமையாக வாசிக்கும் முதல் முயற்சியைச் சீன விஞ்ஞானிகள் 2017இல் வெளியிட்டார்கள். அவர்கள் வாசித்தது அசாம் இனத்தைச் சேர்ந்த தேயிலைச் செடி. அடுத்த வருடமே சீன இனச் செடி ஒன்றின் குறிப்பும் வெளிவந்தது. ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். மனிதனுடைய குறிப்பின் அளவும் அதுதான். நெல்லின் குறிப்பு இதில் ஏழில் ஒரு பங்குதான் வரும். நெல்லை முதலில் வாசித்து முடித்ததற்கும் தேயிலைக்கு நாள் எடுத்ததற்கும் இதுவும் ஒரு காரணம்.

வாசித்து என்ன செய்வது? ஆயிரம் நாற்று நிற்கும் ஒரு தவறணையை நினைத்துப் பாருங்கள். பழைய முறையில் ஆயிரத்தையும் மலையில் நட்டு வருடக்கணக்கில் எடை எழுத வேண்டும். புதிய முறையில், ஏற்கெனவே பல வருடம் எடை எழுதிய நூற்றுக்கணக்கான செடிகளின் குறிப்பை வாசித்து, எந்த எழுத்து இருந்தால் கொழுந்து கூடுகிறது, எந்த எழுத்து இருந்தால் கொப்புள நோய் குறைகிறது என்று முதலில் கணக்கெடுக்கிறார்கள். பிறகு சிறிய நாற்றின் இலையில் ஒரு துண்டைக் கிள்ளி ஆய்வுகூடத்தில் வாசித்து, அந்தக் கணக்கோடு ஒப்பிட்டு, இது தேறும், இது தேறாது என்று பிரிக்கிறார்கள். ஆயிரத்தில் ஐம்பதை மட்டும் மலைக்குக் கொண்டுபோனால் போதும்.

பிறந்த பிள்ளைக்கு ஜாதகம் பார்ப்பது போல இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். ஒரு வித்தியாசம் உண்டு. இந்தக் கணக்கு மலையில் எழுதிய எடையிலிருந்து வருகிறது. எடையைத் தவறாக எழுதினால் கணக்கும் தவறிவிடும். கடைசியில் மலையில் நட்டுப் பார்க்காமல் எந்தச் செடியையும் வெளியிட முடியாது. காத்திருப்பு குறைகிறது, இல்லாமல் போகவில்லை.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். இது வேறு உயிரினத்தின் மரபணுவைத் தேயிலைக்குள் திணிக்கும் வேலை அல்ல. சேர்ப்பது பழைய முறையில், பூவோடு பூவை. தெரிவு செய்வதுதான் புதிய முறையில். மரபணுவை வெட்டி ஒட்டும் தொழில்நுட்பம் வேறு. அதைப் பற்றிய விவாதமும் வேறு.

நெல் கற்றுத் தந்த பாடம்

இது வெறும் பேச்சா, பலன் கண்டதா என்று கேட்டால் நெல்லைக் காட்டலாம். இந்தியாவின் ஒடிசாவில் வெள்ளத்தில் மூழ்கினாலும் அழுகாத ஒரு பழைய நெல் இருந்தது. விளைச்சல் குறைவு. ஆனால் இரண்டு வாரம் வரை நீருக்குள் கிடந்தாலும் நீர் வடிந்ததும் எழுந்து நிற்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுவை விஞ்ஞானிகள் 2006இல் அடையாளம் கண்டார்கள். விவசாயிகள் விரும்பி நடும் ‘ஸ்வர்ணா’ என்ற நெல்லோடு அந்தப் பழைய நெல்லைச் சேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் இலையை வாசித்துத் தெரிவு செய்து, சில வருடங்களிலேயே வெள்ளம் தாங்கும் ஸ்வர்ணாவை உருவாக்கினார்கள். 2009இல் அது இந்திய விவசாயிகளுக்கு வெளியிடப்பட்டது. சோறு அதே சோறு. வெள்ளத்துக்கு மட்டும் பயமில்லை.

நம் நாட்டின் ‘ரத்து ஹீனட்டி’ என்ற பழைய நெல்லுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. சாற்றை உறிஞ்சி வயலையே கருக்கிவிடும் தத்திப் பூச்சியை அது தாங்கும். அந்த எதிர்ப்பை உலகத்தின் நெல் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பல புதிய நெல்லினங்களில் சேர்த்தார்கள். அதற்குக் காரணமான மரபணுக்களை 2015இல் துல்லியமாகக் கண்டும் பிடித்தார்கள்.

இந்த இரண்டு கதையிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஆய்வுகூடம் வாசித்தது. ஆனால் வாசிக்க ஒரு செடி கிடைத்தது, பெயர் தெரியாத விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அந்த நெல்லை விடாமல் விதைத்து வந்ததால்தான். அவர்கள் கைவிட்டிருந்தால் எவ்வளவு விலையான இயந்திரத்தாலும் அதைத் திரும்ப உண்டாக்கியிருக்க முடியாது.

தேயிலையிலும் வேலை நடக்கிறது. செடியில் ஒட்டிச் சாறு குடிக்கும் ஒரு வகைச் செதிள்பூச்சியைத் தாங்கும் கன்றுகளை ஜப்பானில் இப்படி இலையை வாசித்துத் தெரிவு செய்கிறார்கள். நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் கொப்புள நோயைத் தாங்கும் செடிகளின் அடையாளத்தைத் தேடும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். நல்ல வேலை. அதை நாம் மனதார வரவேற்கிறோம்.

எந்தக் குணம் நல்ல குணம்?

இனித்தான் நம் விடயம் வருகிறது.

இலையை வாசிக்கும் இயந்திரத்துக்கு எது நல்ல செடி என்று தெரியாது. மனிதர்தான் சொல்ல வேண்டும். ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று சொன்னால் அதைத் தேடும். இயந்திரத்தால் வெட்டத் தோதான செடி என்று சொன்னால் அதைத் தேடும். சொல்லாததைத் தேடாது. ஆகவே பெரிய கேள்வி, சொல்வது யார் என்பதே.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செடியில் இரண்டு இலையும் ஒரு குருத்தும் சேர்ந்த கொழுந்து ஒரு கிராம் நிற்கிறது என்று வையுங்கள். ஒரு கிலோவுக்கு ஆயிரம் கொழுந்து கிள்ள வேண்டும். இன்னொரு செடியில் கொழுந்து அரைக் கிராம். ஆனால் இரண்டு மடங்கு கொழுந்து விடுகிறது. ஏக்கர் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். துரையின் புத்தகத்தில் இரண்டும் ஒரே விளைச்சல். ஆனால் 20 கிலோ எடுக்க முதல் மலையில் 20,000 தடவை கை போக வேண்டும், இரண்டாவது மலையில் 40,000 தடவை. முதல் மலையில் முழுப்பேர் போடும் கை இரண்டாவது மலையில் அரைப்பேரோடு லயத்துக்குத் திரும்பும். விரல் வெடிப்பதும் தோள்பட்டை வலிப்பதும் எந்த விளைச்சல் அட்டவணையில் வருகிறது?

செடியின் குணம் நம் உடம்பையும் சம்பளத்தையும் தொடுவது இப்படித்தான். இன்னும் சொல்லலாம். வரட்சியைத் தாங்கும் செடி என்றால் காய்ந்த மாதத்திலும் கொழுந்து இருக்கும். கொழுந்து இருந்தால் வேலை நாள் இருக்கும். வேலை நாள் இருந்தால் மாதக் கடைசியில் துண்டில் ஏதாவது மிஞ்சும். கொப்புள நோய் 1946இல் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து பனிமழைக் காலத்தில் செப்பு மருந்து அடிக்காமல் மேல்நாட்டு மலைகளைக் காப்பாற்ற முடிவதில்லை. அந்த மருந்துத் தாங்கியைச் சுமப்பது நம் அண்ணன் தம்பிமார். நோயைத் தாங்கும் செடி வந்தால் கம்பனிக்கு மருந்துச் செலவு குறையும். நமக்கு அதை விடப் பெரிய லாபம் உண்டு. வருடம் முழுவதும் ஒரே அளவாகத் துளிர்க்கும் செடி என்றால் ஒரு மாதம் ஓவர் கிலோவும் அடுத்த மாதம் வெறும் கூடையும் என்ற நிலை மாறும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எல்லாச் செடியும் ஒரே நாளில், ஒரே உயரத்தில், ஒரே அளவாகத் துளிர்த்தால் அது கைக்கு வசதியோ இல்லையோ, வெட்டும் இயந்திரத்துக்கு மிக வசதி. ஜப்பானில் ‘யாபுகிதா’ என்ற ஒரே இனம் தேயிலை நிலத்தில் பாதிக்கும் மேல் பரவியது. அங்கே இயந்திர அறுவடையும் கூடவே வளர்ந்தது. அங்கே ஆள் குறைவு, அது அவர்கள் கதை. கென்யாவில் கெரிச்சோ பகுதியில் 2023 மே மாதம் தோட்டத்துக்குள் நுழைந்தவர்கள் கொழுந்து வெட்டும் இயந்திரங்களுக்குத் தீ வைத்தார்கள். வேலை போகிறது என்ற கோபம் அது. தீ வைப்பதை நாம் சரி என்று சொல்லவில்லை. பேச வேண்டிய நேரத்தில் பேசாமல், எல்லாம் முடிவான பிறகு தொழிலாளிக்கு அறிவித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. கன்றைத் தெரிவு செய்யும் மேசையிலேயே பேசியிருந்தால், இயந்திரம் வந்து நிற்கும் மலையில் சண்டை பிடிக்க வேண்டியதில்லை.

ஒரே முகம் ஆபத்து

கோப்பிக்கு என்ன நடந்தது என்று நம் பாட்டன் பூட்டன் காலத்துக் கதையாகக் கேட்டிருக்கிறோம். 1869இல் இலைத்துரு நோய் கண்டது. இருபது வருடத்துக்குள் நாட்டின் கோப்பி முடிந்தது. ஒரே பயிர், மலை மலையாக, ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும் என்ற நிலை. வீ.பீ. தேயிலையில் இன்னும் ஒரு படி கூட: பயிர் மட்டும் ஒன்றல்ல, செடியே ஒன்று. நாம் அதிகம் காணும் 2020 வரிசைச் செடிகள் அசாம் விதையில் வந்த ஒரே தாய்ச்செடியின் பிள்ளைகள் என்பதும் கவலைக்குரியது. ஒரு தாய் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே நோய் வர இடமுண்டு.

புதிய முறை இந்த ஆபத்தைக் குறைக்கவும் முடியும், கூட்டவும் முடியும். வெவ்வேறு குடும்பத்துச் செடிகளைக் கண்டுபிடித்துச் சேர்க்கப் பயன்படுத்தினால் குறையும். முதல் இடம் எடுத்த ஒரே செடியை வேகமாகப் பெருக்கி எல்லா மலையிலும் நடப் பயன்படுத்தினால் கூடும்.

விதைத் தேயிலைக்கு ஆணிவேர் உண்டு. துண்டில் வளர்ந்த செடிக்கு அது இல்லை. அதனால்தான் பல பழைய விதைத் தேயிலை மலைகள் விளைச்சலில் பின்தங்கினாலும் வரட்சியில் முன்னுக்கு நிற்கின்றன, சரிவில் மண்ணையும் பிடித்து வைக்கின்றன. அந்த மலைகளில் செடிக்குச் செடி எழுத்து வேறு. நாளைக்கு வரப்போகும் ஒரு நோய்க்கான மருந்து இன்றைக்குக் கொழுந்து குறைவு என்று பிடுங்கப்படும் ஒரு செடிக்குள் இருக்கலாம். மலையைப் பிடுங்குவதற்கு ஒரு கிழமை போதும். அந்த எழுத்தைத் திரும்ப எழுத எவராலும் முடியாது.

நல்ல கன்று மட்டும் போதுமா?

போதாது. இதையும் நேராகச் சொல்ல வேண்டும். 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தினார்கள். அந்த வருடக் கடைசியிலேயே முடிவை மாற்றினாலும் அடி விழுந்துவிட்டது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக இறங்கியது. செடி அதே செடிதான். உரம் இல்லாத நல்ல கன்று, சோறு இல்லாத கெட்டிக்காரப் பிள்ளை மாதிரி.

மீள்நடுகையும் அப்படித்தான். பழைய மலையைப் பிடுங்கினால் மண் தேறக் குவாத்தமாலாப் புல்லோ மானாவோ போட்டு ஒன்றரை, இரண்டு வருடம் விட வேண்டும். பிறகு கன்று வைத்தால் கொழுந்து எடுக்க இன்னும் மூன்று வருடம். ஐந்து வருடம் அந்த மலையிலிருந்து வருமானம் இல்லை. கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. ஐம்பது வருடம் நிற்கப்போகும் செடியை இருபது வருடக் குத்தகைக்காரர் எவ்வளவு ஆர்வத்தோடு நடுவார்? ஆய்வுகூடம் இருபது வருட வேலையைப் பத்து வருடத்தில் முடித்தாலும், அந்தக் கன்று தவறணையிலேயே நின்றுவிட்டால் பலன் என்ன? ஆகவே குத்தகையில் மீள்நடுகைக் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி. விஞ்ஞானத்தால் அதைத் தீர்க்க முடியாது.

நாம் கேட்பது

1. புதிய செடிகளைப் பரீட்சிக்கும் மலைகளில் ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று எழுதுவதோடு, ஒரு கிலோவுக்கு எத்தனை கொழுந்து, எத்தனை நிமிடம் என்றும் எழுத வேண்டும். மேல்நாடு, நடுநாடு, கீழ்நாடு மூன்றிலும் பறிக்கும் பெண்கள் அந்தச் செடிகளைப் பற்றிச் சொல்வதையும் பதிய வேண்டும். தராசும் கடிகாரமும் ஒரு கொப்பியும் போதும், இதற்குப் பெரிய செலவில்லை.

2. புதிய கன்று நட்ட மலையில் கிலோ கணக்கைத் துரை தனியாகத் தீர்மானிக்கக் கூடாது. தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் சேர்ந்து, சாதாரண கையால் பரீட்சித்துப் பார்த்த பின்னரே தீர்மானிக்க வேண்டும். செடி இரண்டு கிலோ கூடக் கொடுத்தால் அந்த இரண்டு கிலோவும் கணக்கை உயர்த்துவதிலேயே போய்விடக் கூடாது. செடியின் திறமையில் நமக்கும் பங்கு வேண்டும்.

3. விதைத் தேயிலை மலை எதையும் பிடுங்குவதற்கு முன் அந்த மலையில் எடுத்த மூத்த பெண்களையும் கங்காணியையும் அழைத்துக்கொண்டு நிரை நிரையாக நடக்க வேண்டும். அவர்கள் காட்டும் நல்ல செடிகளுக்கு அடையாளம் போட்டு, துண்டு வெட்டித் தவறணையிலும் ஆராய்ச்சி நிலையத்திலும் காப்பாற்ற வேண்டும்.

4. ஒரு தோட்டம் முழுவதும் ஒரே இலக்கக் கன்று நடக் கூடாது. குறைந்தது மூன்று நான்கு வேறு குடும்பத்துக் கன்றுகளை மலைக்கு மலை மாற்றி நட வேண்டும்.

5. மீள்நடுகைக் காலத்தில் அந்த மலைத் தொழிலாளரின் வேலை நாள் குறையக் கூடாது. புல் நடுதல், கான் வெட்டுதல், தவறணை வேலை என்று அவர்களுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

இவை ஒன்றும் ஆகாத கோரிக்கைகள் அல்ல. தேயிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய காலத்தில் அதன் செலவு ஏற்றுமதித் தேயிலை மீது விதித்த தீர்வையிலிருந்து வந்தது. அந்தத் தேயிலையைப் பறித்தது யார்? நூறு வருட ஆராய்ச்சிக்கு நம் முன்னோரும் சந்தா கட்டியிருக்கிறார்கள். சந்தா கட்டியவருக்குக் கூட்டத்தில் பேச உரிமை உண்டு என்பது எந்தச் சங்கத்திலும் உள்ள விதி.

நம் பங்கு

கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. தோட்டக் கமிட்டிகள் இன்றே செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. உங்கள் தோட்டத்தில் எந்த மலையில் எந்த இலக்கக் கன்று நிற்கிறது, எந்த மலை விதைத் தேயிலை, அங்கே என்ன கிலோ கணக்கு கேட்கிறார்கள், காய்ந்த மாதத்தில் எந்த மலை தாங்குகிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மாதர் சங்கத் தலைவிமார் மூத்த அம்மாமாரிடம் கேட்டு எழுதினால் அதில் இருக்கும் விபரம் எந்த அலுவலகத்திலும் இருக்காது. அடுத்த பேச்சுவார்த்தையில் உற்பத்தித்திறன் என்ற சொல் மேசைக்கு வரும்போது நம் கொப்பியும் மேசைக்கு வரட்டும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இலையை வாசிக்கும் இந்த வேலைக்கு ஆட்கள் தேவை. ஆய்வுகூடத்தில், தவறணையில், கணினியில், மலையில் எடை எழுதும் இடத்தில் என்று பல படிகளில் வேலை இருக்கிறது. தேயிலையோடு பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளை விட அந்த வேலைக்குப் பொருத்தமானவர் யார்? ஆனால் நம் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையும் பஸ் காசுக்குப் பயந்து கலைப் பிரிவுக்குப் போகிறது. சம்பளத்துக்காகக் கூடும் அதே கூட்டத்தில் விஞ்ஞான ஆசிரியருக்காகவும் ஆய்வுகூடத்துக்காகவும் கை உயர்த்துவோம். பெண் பிள்ளைகளை உயர்தரத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

நல்ல கன்று வரட்டும். விரைவாக வரட்டும். வரட்சியைத் தாங்கட்டும், நோயைத் தாங்கட்டும், கொழுந்து கனமாக விடட்டும். அந்தக் கன்றின் முன்னால் ஐம்பது வருடம் நிற்கப்போவது நாமும் நம் பிள்ளைகளும்தான். ஆகவே அதைத் தெரிவு செய்யும் நாளில் நமக்கும் ஒரு நாற்காலி போடுங்கள் என்று கேட்கிறோம். இந்தக் கோரிக்கைகளை அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் வாசியுங்கள், கூடுதலாகச் சொல்ல வேண்டியதைச் சேருங்கள், தீர்மானமாக எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.